ஒரு டெபியன் பேக்கேஜில் உள்ள ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை எப்படிப் பதிவு செய்வது?

கேட்டவரின் நிலைமை இது: சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரலை, லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனுக்காகப் பேக்கேஜ் செய்கிறார், அதாவது நிறுவத்தக்க மூட்டையாகக் கட்டுகிறார். நிரலின் மூலக் குறியீடு இருக்கும் ரெப்போவின் மேல்மட்டத்தில் ஜிபிஎல் 2 என்ற லைசென்ஸின் வாசகம் கொண்ட காப்பியிங் கோப்பு ஒன்று மட்டும் இருக்கிறது. உள்ளே வெளியாரின் லைப்ரரிகளைப் போட்டு வைத்த ஓர் அடைவு, சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், ஒரு தமிழ் எழுத்துரு. "எல்லாம் ஜிபிஎல் என்று ஒரே பத்தியில் முடித்துவிடலாமா?"

முடியாது. மூலத்துக்குள் "டெபியன்" என்ற பெயரில் வைக்கும் அடைவில் நீங்கள் எழுதும் காப்பிரைட் கோப்பு, பேக்கேஜை நிறுவியவரின் கணினியில் யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்பதன் கீழ் பேக்கேஜ் பெயரில் உள்ள அடைவுக்குள் போய் உட்காரும். டெபியன் பாலிசியின் 12.5 பகுதி இதைக் கட்டாயமாக்குகிறது. அதைச் சுருக்கக் கூடாது, சிம்லிங்க்காகவும் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பாகவும்) வைக்கக் கூடாது. மூலம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் அதில் இருந்தாக வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பிஎஸ்டி லைசென்ஸின் இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள்: பைனரியாகக் கொடுத்தாலும் காப்பிரைட் அறிவிப்பைக் கூடவே கொடு என்கிறது. பைனரி மட்டும் வாங்குகிறவருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரும் வழி இந்தக் கோப்புதான். ஒரு பெயரை விட்டால், அந்த மனிதரின் லைசென்ஸை டெபியனும் டெபியனைப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு மிரரும் மீறியதாகிவிடும்.

எழுத உட்காருவதற்கு முன் டார்பாலை, அதாவது மூலக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டையை, தெரிந்துகொள்ள வேண்டும். அப்ஸ்ட்ரீம், அதாவது நிரலை எழுதி வெளியிடுபவர்கள், தரும் டார்பாலும், கிட் டேக்கிலிருந்து (கிட்டில் ஒரு பதிப்புக்கு இட்ட குறியிலிருந்து) தானாக உருவாகும் டார்பாலும் பெரும்பாலும் ஒன்றல்ல. "மேக் டிஸ்ட்" செய்து வெளியிடும்போது கன்ஃபிகர், மேக்ஃபைல்.இன், எம்4 கோப்புகள் என, பில்டுக்கு (நிரலைக் கட்டும் வேலைக்கு) உதவும், கிட்டில் இல்லாத பலவும் உள்ளே வரும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்து அடைவுகளில் பிரித்து, டிஃப் கட்டளையை -ஆர், -க்யூ விருப்பங்களுடன் ஓட்டுங்கள். டார்பாலில் மட்டும் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் "இதை உருவாக்கியது இன்ன கருவி" என்று சொல்ல முடிய வேண்டும்: ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், கெட்டெக்ஸ்ட் இப்படி ஏதாவது ஒன்று. சொல்ல முடியாத கோப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிக்கொண்டுவந்த, எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் பின்கதவு இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருந்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பாலில் "பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4" என்ற கோப்பு இருந்தது, கிட்டில் இல்லை. அது க்னூலிப் என்ற பொதுக் குறியீட்டுத் தொகுப்பில் உள்ள நல்ல கோப்பின் பெயர், ஆனால் உள்ளடக்கம் மாற்றப்பட்டிருந்தது. அதன் தலைப்பில் சீரியல் எண் 30. க்னூலிப்பில் அப்போது இருந்தது 3. எண் பெரிதாக இருந்ததால், கன்ஃபிகரை மறுபடி உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் அதைப் புதிய கோப்பு என்று எண்ணி மேலெழுதாமல் விட்டுவிடும். ஆகவே, டெபியன் பேக்கேஜைக் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பரின் 10-ஆம் மட்டத்திலிருந்து ஆட்டோரீகான்ஃப் தானாக ஓடுகிறது என்ற தைரியத்தில் எம்4 கோப்புகளைப் பார்க்காமல் விடக் கூடாது. சீரியல் எண்ணை எடுத்து, அதே எண்ணுள்ள க்னூலிப் கோப்புடன் ஒப்பிடுங்கள். அந்த டார்பால்களின் கையொப்பமும் சரியாகவே இருந்தது. கையொப்பம் யார் கட்டிய மூட்டை என்பதைத்தான் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. டெபியன்/அப்ஸ்ட்ரீம் அடைவில் கையொப்பச் சாவியை வைத்து அப்ஸ்ட்ரீம் வெளியீட்டைப் பதிவிறக்கும் யூஸ்கேன் கருவி மூலம் சரிபார்ப்பது அவசியம்தான். ஆனால் டிஃப் ஓட்டும் வேலைக்கு அது ஈடாகாது.

அடுத்தது அலசல். லைசென்ஸ்செக் கருவியை --ரிகர்சிவ், --டெப்-மெஷின் விருப்பங்களுடன் ஓட்டினால், காப்பிரைட் கோப்பின் முதல் வரைவு கிடைக்கும். அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். இயல்பாக அது கோப்பின் முதல் 60 வரிகளையும் கடைசிச் சிறு பகுதியையும் மட்டும்தான் படிக்கிறது. ஆயிரம் வரிக் கோப்பின் நடுவில் ஒட்டப்பட்ட வேறொருவரின் ஃபங்ஷன் அதன் கண்ணில் படாது. --லைன்ஸ் மதிப்பைப் பூஜ்யமாக வைத்தால் முழுக் கோப்பையும் படிக்கும். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, அப்படியே ஓட்டுங்கள். "அன்நோன்" என்று வந்தால் கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். லைசென்ஸ் கிடையாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதன்பின் கையால் க்ரெப், அதாவது கோப்புகளுக்குள் சொல் தேடல். காப்பிரைட், அடைப்புக்குள் உள்ள சி, வட்டமிட்ட சி குறி ஆகியவற்றை எல்லோரும் தேடுவார்கள். அவற்றை விடப் பலன் தருவது கமென்ட்களில் வரும் "டேக்கன் ஃப்ரம்", "பேஸ்டு ஆன்", "அடாப்டட் ஃப்ரம்", "போர்ட்டட் ஃப்ரம்" போன்ற தொடர்களும், எச்டிடிபி என்று தொடங்கும் முகவரிகளும்தான். கடன் வாங்கிய குறியீட்டில் காப்பிரைட் வரி இருக்காது. இப்படி ஒரு கமென்ட் மட்டும் மிஞ்சியிருக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ முகவரி வந்தால் கவனம் தேவை. அங்கே எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ லைசென்ஸில் உள்ளவை. 2018 மே மாதத்திலிருந்து வந்தவை 4.0, அதற்கு முந்தையவை பழைய பதிப்புகள். பிஒய்-எஸ்ஏ 4.0-இலிருந்து ஜிபிஎல் 3-க்கு மட்டும் ஒருவழிப் பொருத்தம் உண்டு. உங்கள் நிரல் "ஜிபிஎல் 2 மட்டும்" என்றால் அந்தத் துண்டு அதில் இருக்கவே முடியாது. "2 அல்லது பிந்தையது" என்றால், சேர்ந்து வரும் முழுமை ஜிபிஎல் 3 ஆகிறது. இரண்டு மூன்று வரிகள் என்றால் அப்ஸ்ட்ரீமைக் கேட்டு மாற்றி எழுதச் சொல்வதே நல்லது.

இங்கேதான் காப்பியிங் கோப்பு பலரை ஏமாற்றுகிறது. அதில் இருப்பது ஜிபிஎல் 2-இன் வாசகம் மட்டும். "அல்லது பிந்தைய பதிப்பு" என்ற அனுமதி அங்கே தரப்படுவதில்லை; ஒவ்வொரு மூலக் கோப்பின் தலைப்பிலோ ரீட்மீயிலோ அது இருக்க வேண்டும். டெபியன் வடிவத்தில் ஜிபிஎல்-2 என்பதும் ஜிபிஎல்-2+ என்பதும் வேறு வேறு. ஒரே நிரலில் பத்துக் கோப்புகள் பிளஸ்ஸுடனும் இரண்டு கோப்புகள் பிளஸ் இல்லாமலும் இருப்பது சாதாரணமாக நடக்கும். அந்த இரண்டுக்கும் தனிப் பத்தி வேண்டும்.

எழுத்துரு, படம், ஒலி போன்ற பைனரி கோப்புகளில் தலைப்புக் கமென்ட் கிடையாது. எழுத்துருவுக்குள் பெயரும் உரிமை விவரமும் இருக்கும் நேம் டேபிளைப் பாருங்கள்: 0-ஆம் எண்ணில் காப்பிரைட், 13-இல் லைசென்ஸ் விவரம், 14-இல் அதன் முகவரி. ஓடிஎஃப்இன்ஃபோ கருவியை -ஐ விருப்பத்துடன் ஓட்டினால் முக்கியமானவை வந்துவிடும். உள்ளே இருப்பது லோஹித் தமிழ் என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுத்துருக்கள் முதலில் ஜிபிஎல்லில் இருந்தன, 2011-இல் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸுக்கு மாறின. ஆகவே பெயரை மட்டும் பார்த்து எழுதினால் தவறும். உங்களிடம் உள்ள கோப்பு எந்தப் பதிப்பு என்பதைப் பார்க்க வேண்டும். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் ஒதுக்கப்பட்ட பெயர் அறிவிக்கப்பட்டிருந்தால், அப்ஸ்ட்ரீம் எழுத்துருவை வெட்டிச் சிறிதாக்கி அதே பெயரில் வைத்திருப்பதும் சிக்கல். லோஹித் தமிழ் டெபியனில் தனிப் பேக்கேஜாகவே இருக்கிறது. உள்ளே உள்ள பிரதியை நிறுவாமல் விட்டு, அந்தப் பேக்கேஜைச் சார்பாகக் குறிப்பிடுங்கள். ஆனால் பிரதி சோர்ஸ் டார்பாலில் இருக்கும்வரை காப்பிரைட் கோப்பில் அதற்கும் பத்தி வேண்டும். பில்டில் பயன்படவில்லை என்பதால் விலக்கு கிடையாது. டெபியன் அந்தச் சோர்ஸையும் விநியோகிக்கிறது அல்லவா.

படங்களுக்கு எக்ஸிஃப்டூல் உதவும். எதுவும் கிடைக்காவிட்டால் கிட் லாகில் அந்தப் படம் முதன்முதலில் சேர்ந்த கமிட்டைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் அப்ஸ்ட்ரீமிடம் கேட்டு, வந்த பதிலைக் காப்பிரைட் கோப்பின் காமென்ட் ஃபீல்டில் பதியுங்கள்.

சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரை, லைசென்ஸ் சரியாக இருந்தாலும் மூலம் இல்லை என்பதே பிரச்சினை. பேக்கேஜில் பிழை தேடும் லின்ட்டியன் கருவி அதைப் பிடித்துவிடும். ஜேகுவெரி போல ஏற்கெனவே தனிப் பேக்கேஜாக இருப்பதானால் நீக்கிவிட்டு அதைச் சார்ந்திருங்கள். இல்லாவிட்டால் அதே பதிப்பின் சுருக்கப்படாத மூலத்தை டெபியன் அடைவுக்குள் "மிஸ்ஸிங்-சோர்ஸஸ்" என்ற இடத்தில் வையுங்கள்.

நீக்குவது என்று முடிவானால் கையால் அழித்து டார்பாலை மறுபடி கட்ட வேண்டாம். காப்பிரைட் கோப்பின் தலைப்பத்தியில் "ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்" ஃபீல்டில் பெயர்களை எழுதினால், யூஸ்கேன் பதிவிறக்கும்போதே அவற்றை விட்டுவிட்டுக் கட்டும். சுதந்திரமற்றவை என்பதால் நீக்கினால் பதிப்பு எண்ணுக்குப் பின் +டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் சுதந்திர மென்பொருள் வழிகாட்டல்களின் சுருக்கப் பெயர்), தேவையற்றவை என்பதால் நீக்கினால் +டிஎஸ் என்று சேர்ப்பது வழக்கம். ஏன் நீக்கினீர்கள் என்பதையும் காமென்ட்டில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் பராமரிப்பவர் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடக் கூடாது. இப்படி அடிக்கடி சிக்குபவை: டார்பாலுக்குள் கிடக்கும், இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள், மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட ஜிஎஃப்டிஎல் (க்னூவின் ஆவண லைசென்ஸ்) கையேடுகள், "நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கல்ல" என்ற நிபந்தனையுள்ள ஜேசன் லைசென்ஸ் குறியீடு.

இனி எழுதும் முறை. 2012-இல் பாலிசி 3.9.3-உடன் வந்த இயந்திரம் படிக்கும் வடிவம், அதாவது டெப்-5 என்று எல்லோரும் சொல்வது, இதற்குப் போதும். தலைப்பத்தியில் ஃபார்மட், அப்ஸ்ட்ரீம்-நேம், சோர்ஸ். அதன்பின் கோப்புப் பத்திகள். ஒவ்வொன்றிலும் ஃபைல்ஸ், காப்பிரைட், லைசென்ஸ் மூன்றும். ஒரு கோப்புக்குப் பல பத்திகள் பொருந்தினால் கடைசியில் வருவதே செல்லும். எனவே வெறும் நட்சத்திரக் குறி உள்ள பொதுப் பத்தியை முதலில் போட்டு, குறிப்பானவற்றை அதன் கீழே அடுக்குங்கள். பொதுப் பத்தி அடியில் போனால் மேலே பார்த்துப் பார்த்து எழுதிய அத்தனையும் செல்லாமல் போகும். லின்ட்டியன் கத்தினாலும் பலர் ஏனென்று புரியாமல் விழிக்கிறார்கள்.

நட்சத்திரம், கேள்விக்குறி இரண்டு மட்டுமே வைல்டுகார்டு. ஷெல்லில் செய்வதுபோல் சதுர அடைப்போ நெளி அடைப்போ வேலை செய்யாது. நட்சத்திரம் சாய்கோட்டையும் தாண்டும். ஒரு அடைவின் பெயருக்குப் பின் போட்டால் உள்ளடைவுகள் எல்லாம் அடங்கும். கோப்புகளை இடைவெளியாலோ புது வரியாலோ பிரியுங்கள், காற்புள்ளி போடாதீர்கள். காற்புள்ளி கோப்புப் பெயரின் பகுதியாகிவிடும், பொருத்தம் கிடைக்காது.

லைசென்ஸ் வாசகத்தில் ஜிபிஎல், எல்ஜிபிஎல், அப்பாச்சி 2.0 போன்றவற்றுக்கு யூஎஸ்ஆர்/ஷேர்/காமன்-லைசென்சஸ் அடைவைச் சுட்டினால் போதும். எம்ஐடி அங்கே இல்லை; முழு வாசகத்தையும் எழுத வேண்டும், எக்ஸ்பாட் என்ற பெயரில். எம்ஐடி என்ற பெயரில் பல வேறுபட்ட வாசகங்கள் உலவுவதால் டெபியன் அப்படிப் பிரிக்கிறது. பிஎஸ்டி அங்கே இருந்தாலும் சுட்டாதீர்கள்: அந்த வாசகத்தில் இருப்பது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயர், உங்கள் கோப்பில் இருப்பது வேறொருவருடையது. வாசகத்தின் நடுவே வெற்று வரி வந்தால் ஓர் இடைவெளியும் ஒரு புள்ளியும் வையுங்கள். இல்லையென்றால் பத்தி அங்கேயே முடிந்துவிடும்.

காப்பிரைட் ஃபீல்டில் பெயரும் ஆண்டும் கோப்பில் உள்ளபடியே வரட்டும். "ஆத்தர்ஸ் கோப்பைப் பார்க்க" என்று எழுதித் தப்பிக்க முடியாது. கிட் கமிட்டில் உள்ள பெயரை உரிமையாளராக எழுதவும் வேண்டாம். வேலை நேரத்தில் எழுதியதாக இருந்தால் உரிமை நிறுவனத்துடையதாக இருக்கலாம்.

டெபியன் அடைவுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள், உங்கள் பெயரில். அதன் லைசென்ஸ் அப்ஸ்ட்ரீமுடையதாகவோ அதைவிடத் தளர்வானதாகவோ இருக்கட்டும். எம்ஐடி நிரலுக்கு ஜிபிஎல் 3-இல் பேட்ச் எழுதினால் அப்ஸ்ட்ரீம் அதை எடுத்துக்கொள்ள இயலாது. பேட்ச் ஒவ்வொன்றின் தலையிலும், பேட்ச் தலைப்புகளுக்கான டெபியன் வழிமுறையான டெப்-3 சொல்லும் ஆரிஜின் ஃபீல்டை நிரப்புங்கள்: அப்ஸ்ட்ரீம், பேக்போர்ட், வெண்டர், அதர் ஆகிய நான்கில் எது, எந்தக் கமிட் என்று. கமிட் எண் இல்லாத பேட்ச் இரண்டு வருடம் கழித்து யாருக்கும் புரியாது.

முடித்ததும் எல்ஆர்சி என்ற கருவியை ஓட்டுங்கள். நீங்கள் எழுதியதையும் லைசென்ஸ்செக் கண்டதையும் கோப்புக் கோப்பாக ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும். லின்ட்டியன், எதற்கும் பொருந்தாத பத்திகளைச் சுட்டிக்காட்டும்.

முதல் தடவை நியூ வரிசையில் (புதிய பேக்கேஜ்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் இடத்தில்) டெபியனின் பரிசோதகர்கள் காப்பிரைட் கோப்பைச் சோதிப்பார்கள், விடுபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதற்குப் பின் புதிய பைனரி பேக்கேஜ் பெயர் சேர்ந்தால் ஒழிய அந்த வரிசைக்கு நீங்கள் போவதில்லை. அடுத்த பதிப்பில் அப்ஸ்ட்ரீம் ஓர் அடைவு முழுக்கப் புது லைப்ரரியைத் திணித்திருந்தாலும் நீங்கள் மட்டுமே கவனிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் பழைய, புதிய டார்பால்களின் கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்தி டிஃப் எடுங்கள். பிளஸ் குறியுடன் வரும் ஒவ்வொரு வரிக்கும் மேலே சொன்ன அலசலைச் செய்துவிட்டுத்தான் சேஞ்ச்லாகில் கை வைக்க வேண்டும்.