தலைவர் வீட்டுப் பிள்ளைகளை அரசியல் விவாதத்துக்குள் இழுக்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரிட்டன், அமெரிக்க அரசியலில் இது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சூடாகவே கேட்டிருக்கிறீர்கள். சில கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 2008 அமெரிக்கத் தேர்தலில் சாரா பேலின் மகள் விஷயம். பள்ளியில் வெளிப்படையான பாலியல் கல்வி கூடாது, உறவைத் தவிர்க்கும் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றவர் அம்மா. மகளோ 17 வயதில் கர்ப்பம். இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பதாம்?

பதில்: அந்தச் செய்தி எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். ஆகஸ்ட் 29 அன்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கிறார். உடனே, ஏப்ரலில் பேலினுக்குப் பிறந்த கைக்குழந்தை உண்மையில் மகள் பிரிஸ்டல் பெற்றது என்று இணையத்தில் வதந்தி கிளம்புகிறது. அதை மறுப்பதற்காகவே, மகள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பம் என்று செப்டம்பர் 1 அன்று குடும்பமே சொல்ல வேண்டி வந்தது. ஒரு பொய்யை அணைக்க ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி ஊருக்கு அறிக்கை விட்டார்கள். அன்றே ஒபாமா, பிள்ளைகள் விஷயத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, என் அம்மா என்னைப் பெற்றபோது அவருக்கு வயது 18 என்று சொல்லிவிட்டார். எதிர்க்கட்சி வேட்பாளருக்கு அது லாபமான பேச்சு இல்லை, இருந்தும் சொன்னார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேலினின் பாலியல் கல்விக் கொள்கை தவறு என்றால் பிரிஸ்டல் கர்ப்பமாகாமல் இருந்திருந்தாலும் அது தவறுதான். அவர் 2006 அலாஸ்கா ஆளுநர் தேர்தலிலேயே அந்த நிலைப்பாட்டைச் சொல்லியாகிவிட்டது. அதை அலசியிருக்கலாம், யார் தடுத்தார்கள்?

கேள்வி: சொல்வது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று என்றால் அது இரட்டை வேடம்தானே சார்?

பதில்: யார் செய்தார்கள் என்பதுதான் கணக்கு. 1997 டிசம்பரில், பிரிட்டன் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவின் 17 வயது மகனிடம் டெய்லி மிரர் நிருபர் ஒருவர் வேஷம் போட்டுப் போய் 10 பவுண்டுக்குக் கஞ்சா வாங்கினார். போதைப்பொருள் விஷயத்தில் கறாராகப் பேசிய அமைச்சர் அவர். ஆனால் கஞ்சா விற்றது மகன். விஷயம் தெரிந்ததும் அப்பாவே பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார், எச்சரிக்கையோடு முடிந்தது. இதில் அமைச்சரின் வேடம் எங்கே கலைந்தது? பெயரை வெளியிட நீதிமன்றத் தடை இருந்தும் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் வெளியிட்டுவிட்டன, புத்தாண்டு பிறந்ததும் தடை நீங்கியது.

இதற்கு நேர் எதிராக, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகள் கூடாது என்ற லேபர் கட்சியின் ஹாரியட் ஹார்மன் 1996இல் தன் மகனுக்கு அப்படிப்பட்ட ஒரு பள்ளியையே தேர்ந்தெடுத்தார். அதைக் கண்டித்தவர்களில் ஒருவரான டயான் அபாட் 2003இல் தன் மகனைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார், இதை நியாயப்படுத்த முடியாது என்று தானே ஒப்புக்கொள்ளவும் செய்தார். இரண்டுமே பெற்றோரின் முடிவு. தாராளமாகக் கேட்கலாம். பையனின் மதிப்பெண்ணும் நண்பர்களும் நமக்கு எதற்கு?

கேள்வி: பத்திரிகைகளுக்கு விதி எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. பிரிட்டன் பத்திரிகை ஆசிரியர்களின் நெறிமுறையில், பெற்றோரின் புகழையோ பதவியையோ மட்டும் காரணம் காட்டிக் குழந்தையின் தனிவாழ்க்கை விவரங்களை வெளியிடக் கூடாது என்று இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தையின் நலனையே மீறும் அளவுக்கு அசாதாரணமான பொதுநலக் காரணம் வேண்டும். எழுத்தில் நல்ல விதிதான்.

கேள்வி: பிரிட்டன் பிரதமராக இருந்த டோனி பிளேர் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாரா என்று கேட்டது சரியா? நான் ஒரு செவிலியர், எனக்கு இதில் தெளிவே இல்லை.

பதில்: எனக்கும் இதுதான் கடினமான வழக்கு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டன் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை வந்தது (2010இல் திரும்பப் பெறப்பட்டது, அது வேறு கதை). பெற்றோர்கள் பயந்து போயிருந்த நேரத்தில் அரசு ஊசி பாதுகாப்பானது என்கிறது. 2001 டிசம்பரில், உங்கள் கைக்குழந்தை லியோவுக்குப் போட்டீர்களா என்று பிரதமரைக் கேட்கிறார்கள். அவர் சொல்ல மறுத்தார். ஊருக்கு ஒன்று சொல்லி வீட்டில் வேறு செய்வேன் என்று நினைப்பதே அவமானம் என்றார்.

அது குழந்தையின் மருத்துவ விவரம், மறுக்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது ஒரு வயதுக் குழந்தை இல்லை, அப்பாவும் அம்மாவும். அதுவும் லட்சக்கணக்கான பெற்றோரிடம் அவர் அரசே எடுக்கச் சொன்ன அதே முடிவு. "போட்டாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளில் ஊசி போட்டவர்களின் விகிதம் 2003-04இல் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு அவர் மௌனம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பயம் அதற்கு முன்பே பரவிவிட்டது. லியோவுக்கு ஊசி போட்டது உண்மை என்று 2008இல் மனைவி ஷெரி தன் நினைவுக் குறிப்பில் எழுதினார், அதற்குள் அந்தத் தகவலால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: வளர்ந்த பிள்ளைகள்? அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனுக்கும் இதே சலுகையா?

பதில்: இல்லை. அப்பா துணை அதிபராக இருக்கும்போது, 2014இல், உக்ரைன் எரிவாயு நிறுவனத்தின் இயக்குநர் பதவியை ஏற்றவர், அதைக் குடைந்து குடைந்து கேட்கலாம். 2024இல் அப்பா கொடுத்த மன்னிப்பும் அப்படித்தான், அது அதிபரின் அதிகாரம். ஆனால் 2023 ஜூலையில் நாடாளுமன்றக் குழு விசாரணையில் அவருடைய அந்தரங்கப் படங்களைத் தூக்கிக் காட்டினார்களே, அதனால் பணப் பரிமாற்றம் பற்றி ஒரு விவரமாவது கூடுதலாகத் தெரிந்ததா?

கேள்வி: பெற்றோரே பிள்ளையை மேடையேற்றினால்? அப்போது பேசலாம்தானே?

பதில்: மேடையேற்றியவரைப் பேசலாம். 1990இல் மாட்டு மூளைநோய் பயத்தின்போது பிரிட்டன் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட, நான்கு வயது மகளிடம் பர்கரை நீட்டிக் கேமராவுக்குப் போஸ் கொடுத்தார். அந்த நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த புதுவகை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1996இல் அரசே ஒப்புக்கொண்ட பிறகு அந்தப் படம் அவரை விடவே இல்லை, அவருக்கு அது வேண்டியதுதான். மகள் சாப்பிட்டாளா, பிறகு எப்படி இருக்கிறாள் என்று தேடிப் போக வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.