ஓய்வு பெற்ற ஆசிரியர் டியூஷன் எடுப்பதைத் தவிர ஊருக்கு வேறு என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள். இன்றும் என் மாலை நேரமெல்லாம் பிள்ளைகளோடுதான்.

எங்கள் பக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்துவிடும். பள்ளி இருக்கிறது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்த பிறகு ஊர்ப் பெண்களே சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அடுத்து என்ன விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கூடவே நின்று பார்க்க ஆள் இல்லை. படித்த அப்பா அம்மா இருக்கிற வீட்டில் அது தானாக நடந்துவிடும். புதுவயல் அரிசி மில்லுக்கோ ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அதற்கு யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தில்தான் ஓய்வு பெற்ற ஆசிரியர் தேவைப்படுகிறார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான, மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்கும் என்.எம்.எம்.எஸ். தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எழுதலாம். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. பயிற்சி கொடுத்துத் தேர்வாக வைப்பதோடு வேலை முடிந்துவிடாது, அதற்கப்புறம்தான் நிறைய வேலை. பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இது ஒன்றுக்காகவே இ-சேவை மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் (பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் சலுகை உண்டு) பதினொன்றாவதில் பணம் தொடரும். தேர்வில் ஜெயித்த பிள்ளை, புதுப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பணத்தை இழப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அப்படித் தேர்வான ஒரு பெண்ணுக்குப் பத்தாவது முடிந்ததும் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அப்பத்தாதான் அந்த வீட்டில் எல்லாம். “பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும் டீச்சர், இதுக்கு மேல படிச்சா மாப்பிள்ளைக்கு எங்க போறது?” என்றார். நான் வாதாடவில்லை. பாஸ்புக்கைக் காட்டி, “இது உங்க பேத்தி சம்பாதிச்சது ஆத்தா. நிறுத்திட்டா இதுவும் நிக்கும். பன்னெண்டு முடிச்சுக் காலேஜுக்குப் போனா மாசம் ஆயிரம் திரும்பவும் வரும்” என்றேன். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தைத்தான் சொன்னேன். அப்பத்தா பாஸ்புக்கை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இப்போது காரைக்குடியில் வேதியியல் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணத்துக்குப் பேத்தியோடு முதலில் பஸ் ஏறியது அப்பத்தாதான்.

நாங்கள் உட்காருவது ஒரு செட்டியார் வீட்டு முகப்பில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆச்சியிடம் போனில் கேட்டதும், “எடுத்துக்கங்க டீச்சர், லைட்டுக்கும் ஃபேனுக்கும் யோசிக்காதீங்க” என்றார்கள். எங்கள் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை, கேட்கத்தான் ஆள் வேண்டும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிறவர்களிடம் கிளை நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரச் சொல்வேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

பிள்ளைகளைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். பத்து மைல் தள்ளியிருக்கும் பிள்ளைக்கு அது பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு மதில் சுவர், அவ்வளவுதான். பொதுமக்கள் பார்க்க அனுமதிக்கும் நாளில் உள்ளே போய், ஒரு விஞ்ஞானி பேட்டரியைப் பிரித்துக் காட்டி, “நீ எந்த ஊரு?” என்று தமிழில் கேட்டால் போதும். திரும்பும்போது பஸ்ஸில் கேள்விக்கு மேல் கேள்வி வரும்.

நோட்டுப் புத்தகம் கொடுத்துப் பிள்ளையை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்கும் விழாக்களில் எனக்கு உடன்பாடில்லை. நாலைந்து பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவதில் பிடித்த கையைக் கல்லூரி முடியும் வரை விடாதீர்கள். வெளியூர் விடுதிக்குப் போன பிள்ளைகள் முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புரியவில்லை என்று அழுதுகொண்டு பேசுவார்கள். அந்த போனை எடுக்க ஒருவர் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை ஊர் திரும்பாது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதலில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள், அவர் மனம் வைக்காமல் எதுவும் நடக்காது. என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். அதனால் செப்டம்பரிலேயே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போனால் வேலை முடிந்து வந்த அப்பா அம்மா இருவரையும் பார்த்துப் பேசலாம்.