இயேசுவை விசுவாசித்தால் போதாதா, திருச்சபை வரலாறு எதற்கு?

இரட்சிப்புக்கு வரலாறு தேவையில்லை. வரலாற்றில் ஒரு வரியும் தெரியாமலே என் அம்மம்மா கடைசி மூச்சு வரை விசுவாசத்தில் உறுதியாக இருந்தார். ஆனால் அவர் கையில் ஃபோன் இருக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம், மெதடிஸ்த சபை ஒன்றில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் வட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டினான். 325ஆம் ஆண்டு, இன்றைய துருக்கியிலுள்ள நிசேயா என்ற ஊரில் ரோமப் பேரரசன் கொன்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி, வாக்கெடுப்பு நடத்தித்தான் இயேசுவைக் கடவுள் ஆக்கினானாம். வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் தீர்மானித்தார்களாம். "உண்மையா டீச்சர்?" என்றான். "அதெல்லாம் பிசாசின் வேலை, பார்க்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்குப் பதில் தெரியாது, அதுதான் காரணம். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை.

அப்போதுதான் படிக்க உட்கார்ந்தேன். நிசேயாவில் கூடியவர்கள் ஏற்கெனவே இயேசுவை ஆராதித்து வந்தவர்கள். குமாரனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவரே என்று அரியுஸ் என்ற அலெக்சாந்திரியாக் குரு போதித்ததால் எழுந்த வழக்கைத் தீர்க்கத்தான் கூடினார்கள். வேதாகமப் புத்தகப் பட்டியலை அந்தச் சங்கம் தீர்மானிக்கவே இல்லை. இன்று நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலிட்டது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதம்.

என்னை உலுக்கியது இன்னொரு கடிதம். கொன்ஸ்டன்டைனுக்கு இருநூறு வருடம் முந்தி, 112 அளவில், அதே நிசேயா அடங்கிய பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசன் திராயானுக்கு எழுதியது. கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறார். உண்மையை அறிவதற்காக, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தேன் என்றும் எழுதுகிறார். அவர்கள் பெயரைக்கூட அவர் குறிக்கவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். நான் ஞாயிறுதோறும் எந்தப் பயமும் இல்லாமல் வாயால் சொல்வதை அவர்கள் உடம்பால் சொல்லியிருக்கிறார்கள்.

பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

ஆனால் வரலாறு நமக்குச் சாதகமாக மட்டும் பேசாது. நம் ஊரையே எடுங்கள். 1656இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். அதன்பின் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதே குற்றம். அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையான சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டும். 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் அப்படிச் சேர்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் பழைய சமயத்துக்கே திரும்பினார்கள். "சலுகை காட்டி மதம் மாற்றுகிறீர்கள்" என்று இன்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது என்று தெரிந்தவர் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்வார்.

எங்கள் மெதடிஸ்த சபையும் புரட்டஸ்தாந்து சபைதான், ஆனால் அது 1814இல்தான் இங்கே வந்தது, ஒல்லாந்தர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவலாம். எனக்கு அது முடியவில்லை. தமிழ் வேதாகமம் நம் கைக்கு வந்த வழியில் ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பு அச்சுக்கூடமும் இருக்கிறது. பிலிப்பு தெ மெல்லோ என்ற ஈழத்துத் தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் இங்கேதான் அச்சானது. குருமாரைத் துரத்திய அதே அரசு தமிழில் வேதத்தை அச்சிட்டும் தந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில், "அவர்கள் சிலை கும்பிடுகிறவர்கள்" என்று கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கேலி செய்திருக்கிறேன். யோசேப் வாஸ் அடிகளாரைப் பற்றி வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கண்ணில் படாமல் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். பிறகு கண்டிக்குப் போனபோது ஒற்றர் என்று சிறையில் அடைத்தார்கள். அதே கண்டியில் 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப் போய்ப் பராமரித்தார். அவருக்குப் பின்னால் எந்தப் படையும் இருக்கவில்லை, கொடுக்க உத்தியோகமும் இருக்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, மெதடிஸ்த வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன்.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். முதலில் ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் ஆலயம். தடித்த சுவர்கள், தரையில் பதித்த கல்லறைக் கற்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பார்கள். அங்கிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் நடந்து போகிற தூரம்தான். ஒல்லாந்தருக்குப் பயந்து மாறுவேடத்தில் திரிந்த அந்தோனியோ என்ற குருவானவரால் தொடங்கியது என்பது அந்தக் கோவிலின் மரபு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

போன முறை நடந்தபோது, வீடியோ கொண்டுவந்த அந்தப் பையனும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தான். இப்போது வேலைக்குப் போகிறான். கொச்சிக்கடையில் வாசலில் மெழுகுதிரி வாங்கி, கொளுத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் இல்லை. கூட வந்த சின்னவள் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.