காமினோ யாத்திரையின் நடுவில் ஷூ பிய்ந்துபோனால் அங்கேயே புதிது வாங்கி நடக்கலாமா?

வாங்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும். "புது ஷூ கடிக்காதா, பழையதையே பசை போட்டு ஒட்டிச் சமாளிக்க முடியாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். டேப் சுற்றிச் சமாளிக்கப் பார்த்து, அப்புறம் தப்பான சைஸும் வாங்கியவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். என் வலதுகால் கட்டைவிரல் நகம் இன்னும் நேராக வளரவில்லை.

நீங்கள் ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எப்போதோ வெளிநாட்டில் வேலையாக இருந்தபோது வாங்கிய நல்ல ட்ரெக்கிங் ஷூ பரணில் அட்டைப்பெட்டியோடு கிடக்கிறது, பத்து தடவைகூடப் போடவில்லை, அதை விட்டுவிட்டு இன்னொன்றா என்று மனசு கேட்கவில்லை. சரிதானே? எனக்கும் அதே கதைதான். 2014-ல் ஜெர்மனியில் 160 யூரோ கொடுத்து வாங்கியது. அப்புறம் சென்னையில் எட்டு வருஷம் பரணில். 2023 மே மாதம் கிளம்பும் முன் எடுத்துத் துடைத்தால் தோல் பளபளவென்று இருந்தது, சோல் தேயவே இல்லை. மனைவியிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக: காமினோ என்பது கிறிஸ்தவர்களின் பழைய நடைப்பயண யாத்திரை. நான் போன பாதை, பிரான்ஸ் பக்கம் சான் ஜான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் சந்தியாகோ தேவாலயம் வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். ஐந்து வாரம் ஆகும். எனக்கு ஐந்தாவது நாளே விஷயம் முடிந்துவிட்டது.

சிராவ்கி என்று குன்றின்மேல் ஒரு கிராமம். அதைத் தாண்டியதும் ரோமானியர் காலத்துக் கல் பாதை இறங்கும். அந்தக் கல்லில் இடறியபோது இடது ஷூவின் முன்பக்கம் முதலை வாய் திறந்த மாதிரி பிளந்தது. குனிந்து இழுத்தேன், சோல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருந்த மெத்தை, ஆறிப்போன மைசூர்பாகு போல மஞ்சளாக உதிர்ந்தது. விரலால் தேய்த்தால் பொடி. கால் மணி நேரத்தில் வலது ஷூவும் அதே கதி.

பின்னால் வந்த கொரியப் பையன் ஒருவன் தன் ஊன்றுகோலில் சுற்றி வைத்திருந்த டேப்பைப் பிரித்துக் கொடுத்தான். சுற்றினேன். முன்னூறு மீட்டர் தாங்கியது. விடுதியில் குளிக்கப் போட்டுக்கொள்ள வைத்திருந்த ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மீதி பதினாலு கிலோமீட்டரை நடந்தேன், எஸ்தெயா ஊர் வரைக்கும்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. இந்த ஷூக்களின் நடு மெத்தை பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதன் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது நடக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் இன்னும் வேகமாக. சென்னைப் பரணைவிட இதற்குத் தோதான இடம் எது? மேலே தோல் புதுசாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். இது பசை போட்டு ஒட்டுகிற சமாசாரமே இல்லை. பசை பிடிக்க அங்கே பொருள் வேண்டுமே.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எஸ்தெயாவில் கடை திறப்பது திங்கள் காலை பத்து மணிக்கு. யாத்ரீகர் விடுதியிலோ எட்டு மணிக்குள் காலி செய்துவிட வேண்டும். செருப்புக் காலோடு ஊர்ச் சதுக்கத்துப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஊராக இருந்தால் பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் ஊசி நூலோடு ஒருவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் ஓர் அம்மா, அறுபது வயசிருக்கும். நான் ஐரோப்பிய சைஸ் 42 கேட்டேன். அவர் ஷூவை எடுக்கவில்லை. சாக்ஸைக் கழற்றச் சொல்லி, இரண்டு காலிலும் எடை போட்டு நிற்கச் சொல்லி, பாதத்தைப் பார்த்தார். ஸ்பானிஷில் என்னவோ சொன்னார். நான் முழித்ததைப் பார்த்து, கல்லில் தோசை மாவு பரவுகிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். 43 எடுத்து வைத்தார்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். இருபது வருஷமாக என் சைஸ் 42. விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். போதாததற்கு 42-ல் ஒரு நீல ஷூ தள்ளுபடியில் அறுபது யூரோ. அதையே எடுத்தேன். அந்த அம்மா தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார்.

பாரத்தோடு நாள்கணக்கில் நடந்தால் பாதம் வீங்கும், வளைவு கொஞ்சம் தட்டையாகும், நீளமும் அகலமும் கூடும். சமதரையில் தெரியவில்லை. மறுநாள் டோரெஸ் தெல் ரியோ தாண்டி வியானா போகிற இறக்கங்களில் ஒவ்வோர் அடிக்கும் கட்டைவிரல் ஷூவின் முன்சுவரில் போய் இடித்தது. லோக்ரோன்யோ பெரிய ஊர், அங்கேயே மாற்றியிருக்கலாம். அறுபது யூரோ, அப்போது நம் கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம், போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லையே என்று மாற்றவில்லை. பூர்கோஸ் என்ற அடுத்த பெரிய நகரம் போவதற்குள் இரண்டு கட்டைவிரல் நகமும் நாவல்பழ நிறம்.

ஒரு நாள் ஓய்வெடுத்து யோசித்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம், விசாவில் நாள் இருந்திருந்தால். அதைச் சொல்லாமல் முடியாது. ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், ஆபீஸ் கடிதம் எல்லாம் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "நடந்து போறதுக்கா சார் ஸ்பெயின்?" என்று சிரித்தார். ஹோட்டல் புக்கிங் முப்பத்தைந்து நாளைக்கும் வேண்டுமாம். அந்த விடுதிகளில் பலவற்றில் முன்பதிவே கிடையாது, முதலில் வருபவருக்கு முதல் கட்டில். இதை எப்படிப் புரியவைப்பது? கடைசியில் விசாவில் கிடைத்தது பயண நாட்களுக்கு மேல் கூடுதலாக மூன்றே நாள். அப்பாயின்ட்மென்ட்டுக்காக ஏஜெண்ட்டுக்கு அழுத காசில் இரண்டு ஜோடி ஷூ வாங்கியிருக்கலாம். சரி, விடுங்கள்.

பூர்கோஸில் மூன்றாவது ஜோடி. இந்த முறை 43, கூடவே அகலமானது. தோல் பூட்ஸ் இல்லை, வலைத்துணி வைத்த லேசான ஷூ. கனமான தோல் பூட்ஸ்தான் காலுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். இது கடையிலிருந்து போட்டபடியே நடக்க முடிந்தது. சாயங்காலம் போய் வாங்கினேன், காலையைவிட அப்போதுதான் கால் பெரிதாக இருக்கும். நடக்கும்போது போடுகிற அதே கம்பளி சாக்ஸோடு போட்டுப் பார்த்தேன். கடையிலிருந்த சரிவுப் பலகையில் இறங்கும்போது விரல் முன்னால் இடிக்கவில்லை. முன்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. உங்கள் பழைய ஷூவுக்கு உயிர் இருந்தால் முதல் இரண்டு நாள் புதியதைக் காலையில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன்: சந்தேகம் இருந்தால் பூர்கோஸைத் தாண்டாதீர்கள். அங்கிருந்து லியோன் வரை 180 கிலோமீட்டர் மெசெத்தா சமவெளி. சின்னச் சின்ன ஊர்கள், கோதுமை வயல், வெயில். கரியோன் ஊருக்கு அப்புறம் 17 கிலோமீட்டருக்கு ஒரு கிராமம்கூட இல்லை. அங்கே போய் சோல் வாயைப் பிளந்தால் கோதுமைதான் வேடிக்கை பார்க்கும்.

உடனே கீழே யாராவது வந்து, "செருப்பே இல்லாமல் பழநிக்கு நடக்கிறவர்கள் இல்லையா, இவனுக்கு மூன்று ஜோடி ஷூவா" என்று எழுதுவார்கள். ஐயா, நான் நத்தத்துக்காரன். கல்லூரி நாட்களில் தைப்பூசத்துக்கு நத்தத்திலிருந்து பழநிக்கு வெறுங்காலோடு மூன்று நாள் நடந்தவன். அங்கே முதுகில் ஒன்பது கிலோ பை இல்லை, பை வேனில் வரும். மைலுக்கு ஒரு பந்தல், மோர், கால் பிடித்துவிட ஆள். இரண்டையும் ஒப்பிட்டு எனக்குப் புண்ணியக் கணக்குப் போட வேண்டாம். நான் கிறிஸ்தவனும் இல்லை, அதையும் கேட்காதீர்கள். நான் டாக்டரும் இல்லை, சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கால் விஷயத்தில் டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

புது ஷூ கடிக்காதா என்றுதானே கேட்டீர்கள்? புது ஷூவால் இடது குதிகாலில் ஒரு கொப்புளம். நூல் கோத்த ஊசி, பிளாஸ்டர், மூன்று நாள்.

அந்த நீல ஜோடியை, 42, பூர்கோஸ் விடுதியில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வைக்கும் அலமாரியில் விட்டுவிட்டு வந்தேன். வலது ஷூவில் லேஸ் அறுந்து நான் பச்சைக் கயிறு கோத்திருந்தேன். எட்டு நாள் கழித்து லியோனில், விடுதி வாசல் ஷூ ரேக்கில் என் 43-ஐ வைக்கக் குனிந்தேன். கீழ்த்தட்டில் நீல ஷூ, வலதில் பச்சைக் கயிறு. யாருடையது என்று விசாரிக்கவில்லை. அவருக்கு 41 கால் போலிருக்கிறது.