பாதாம் பால் பசும்பாலுக்கு ஈடாகுமா?

கேள்வி: என் பேத்திக்கு 5 வயது. மருமகள் மாட்டுப்பாலை நிறுத்திவிட்டு, பாக்கெட்டில் வரும் பாதாம் பாலைக் கொடுக்கிறாள். “அதுதான் உடம்புக்கு நல்லது, அத்தை” என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எனக்கும் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. நானும் அதற்கே மாறிவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கல்யாண வீட்டில் ஏலக்காய் மணக்கத் தருகிறார்களே, அந்தப் பாதாம் பால் மாட்டுப்பாலில் செய்தது. உங்கள் மருமகள் வாங்குவது பாதாமை அரைத்து, தண்ணீர் விட்டு வடிகட்டியது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பாதாம் நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். 200 மில்லி மாட்டுப்பாலில் 6 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அதே அளவு பாதாம் பாலில் பெரும்பாலும் 1 கிராம் அளவுக்குத்தான். வைட்டமின் பி12 தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு இது போதாது. பத்துப் பாதாமை ஊறவைத்து அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தால், அந்த டம்ளரைவிடப் புரதம் கூடுதலாகவே கிடைக்கும்.

4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.). ஒரு டம்ளர் மாட்டுப்பாலிலேயே கிட்டத்தட்ட 240 வந்துவிடும்.

ஆனால் இதை வைத்து மருமகளிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். பால் ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லி நிறுத்தியிருந்தால் அது வேறு கதை. அப்போது சோயா பால் ஒத்துக்கொள்ளுமா என்று அவரிடமே கேளுங்கள். புரதத்தில் மாட்டுப்பாலை நெருங்குவது அதுதான். சர்க்கரை சேர்க்காததாக, கால்சியமும் பி12-உம் சேர்த்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும், சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும்.

இனி உங்கள் வயிறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். அநேகமாக அதுதான் காரணம். தயிராகும்போது அதில் ஒரு பங்கு புளித்துப் போவதால், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலரும் தயிரும் மோரும் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். முதலில் அதைச் செய்து பாருங்கள். கேழ்வரகும் எள்ளும் கால்சியத்துக்கு மிக நல்லவை. கும்பகோணத்துக்காரரைக் காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காபியில் விடும் கொஞ்சம் பாலைப் பெரும்பாலோர் வயிறு தாங்கும். அப்படியும் தொந்தரவு என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது, கொலஸ்ட்ரால் அதிகம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்தான் வாங்குகிறோம். ஓட்ஸ் பாலுக்கு மாறட்டுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் நீல பாக்கெட்டுக்கு மாறுங்கள். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. பாதியாகக் குறைகிறது, செலவும் மிச்சம். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது உண்மைதான். அது ஓட்ஸ் கஞ்சியிலேயே கிடைக்கும். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறிவிடுகிறது; சர்க்கரை நோயும் இருந்தால் கவனம். தேங்காய்ப் பாலும் தாவரப் பால்தானே என்று ஆரம்பித்துவிடாதீர்கள், கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு அதில் ஏராளம்.

கேள்வி: தைராய்டு மாத்திரையை சோயா பாலோடு போடலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கூடாது. மாட்டுப்பாலோடும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.