ஒகேனக்கல் படத்தில் கருநிழல்: ஃபில்டரைத் திருப்பித் தர முடியுமா?

கேள்வி: ஒகேனக்கல் அருவியை, நீர் பட்டுப்போல் வழியும்படி படமெடுக்க, இணையத்தில் 1,800 ரூபாய்க்கு வேரியபிள் என்.டி. ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டி, நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் ‘நியூட்ரல் டென்சிட்டி’ கண்ணாடி) வாங்கினேன். அகலக்கோண லென்ஸில் எடுத்த படங்களில் பெருக்கல் குறிபோல் கருநிழல் விழுகிறது. பாறைகள் ஊதாவாகத் தெரிகின்றன. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?
- வாசகர், பென்னாகரம்

பதில்: இரண்டு குறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வேரியபிள் ஃபில்டர் என்பது இரண்டு போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்) கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்று திருப்பி இருளைக் கூட்டும் அமைப்பு என்பதால், உச்ச அளவை நெருங்கும்போது, அதிலும் அகலக்கோண லென்ஸில், இந்தக் கருநிழல் விலையுயர்ந்த ஃபில்டரிலும் விழக்கூடும். அதை மட்டும் பழுதென்று வாதிடுவது கடினம். விளம்பரத்தில் ‘கருநிழல் விழாது’ என்றிருந்தால் கதை வேறு.

ஊதா நிறம்தான் உங்கள் வலுவான பிடி. நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கேமராவின் நிறச் சமன் அமைப்பான ஒயிட் பேலன்ஸை மாற்றாமல், ஃபில்டருடன் ஒரு படமும் ஃபில்டர் இல்லாமல் ஒரு படமும் எடுங்கள். ‘நியூட்ரல்’ என்று விற்ற பொருள் நிறத்தை மாற்றுகிறது என்பதற்கு அந்த இரண்டு படங்களே சான்று. விளம்பரப் பக்கத்தையும் பில்லையும் இன்றே சேமித்து வையுங்கள். பக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. உறை பிரித்ததைக் காரணம் காட்டுவது இங்கே செல்லாது, பிரிக்காமல் சோதிப்பதெப்படி? முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை.

அடுத்து வாங்குவதானால் வேரியபிள் வேண்டாம், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் நல்ல என்.டி. 64 ஒன்று போதும். மேகமூட்டமான காலையில் 1/60 நொடி ஷட்டர் நேரம் தேவைப்படும் காட்சி அதனால் ஏறத்தாழ ஒரு நொடியாக நீள்கிறது. ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஒன்றும் இருந்தால் நல்லது. லென்ஸின் முன்விளிம்பில் 67 (மி.மீ.) போன்ற எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். ஆனால் ஆடும் பரிசலில் இருந்து எடுப்பவருக்கு என்.டி. ஃபில்டர் பயன்படாது. நீண்ட ஷட்டருக்குக் கரையில் ஊன்றிய முக்காலி வேண்டும்.