ட்வீன் டெக்கில் ஒரு பாய்

ஐயா, வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதி வருகிறேன். என் பாட்டியின் அம்மா 1890களில் ஏழு வயதுச் சிறுமியாக, தன் தாயோடு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கப்பலில் வந்தவர். தாய்க்குத் துணையாகக் கணவர் பெயர் எதுவும் கப்பல் பட்டியலில் இல்லை. அந்தக் கப்பலின் டாக்டர் எழுதிய குறிப்பு ஒன்றின் நகல் கிடைத்தது. ஆட்கள் 'ட்வீன் டெக்'கில் தூங்கினார்கள் என்று அதில் வருகிறது. நான் அதைப் 'படுக்கை அறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா? நாம் பேரக்ஸ் என்கிறோமே, அதுபோல ஒன்றா?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் 'படுக்கை அறை'யை அடித்துவிடுங்கள். அதைப் படிக்கும் பேரப்பிள்ளை கதவும் கட்டிலும் உள்ள ஒரு இடத்தைத்தான் நினைத்துக்கொள்ளும். உங்கள் முன்னோர் படுத்த இடத்தில் இரண்டுமே கிடையாது.

கப்பலின் மேல்தளத்துக்கும் அடியில் சரக்கு ஏற்றும் கிடங்குக்கும் நடுவில் ஒரு தளம் உண்டு. அதற்குத்தான் ட்வீன் டெக் என்று பெயர். மற்ற நேரங்களில் அங்கேயும் சரக்கு ஏற்றுவார்கள். ஒப்பந்தக் கூலி வேலைக்கு ஆட்களை ஏற்றும் பயணம் என்றால் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பாயும் கம்பளியும் கொடுத்து இறக்கிவிடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போன ஏழை வெள்ளைக்காரர்களும் இதே தளத்தில்தான் போனார்கள். ஆனால் அவர்களுக்கு மரப்பலகையில் அடுக்குப் படுக்கை அடித்துக் கொடுத்தார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் தளத்துப் பலகை மேலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். காற்று வருவதற்கு மேலே திறப்புகள் இருந்தன. கான்வாஸ் துணியைக் குழாய்போலத் தைத்து அவற்றின் வழியாக உள்ளே இறக்குவார்கள். கடல் கொந்தளித்தால் திறப்புகளை மூடிவிடுவார்கள், அப்புறம் அத்தனை பேருக்கும் உள்ளே இருக்கிற காற்றுதான். சமையல் மேல்தளத்தில். பகலில் முடிந்தவரை எல்லோரையும் மேலே அனுப்பிவிடுவார்கள்.

நீங்கள் உங்கள் நூலில் கட்டாயம் எழுதவேண்டியது அந்த இடத்தின் அளவு. அந்தக் காலத்துக் குடியேற்றச் சட்டம் பெரியவர் ஒருவருக்குப் பன்னிரண்டு சதுர அடித் தரை, எழுபத்திரண்டு கன அடி இடம் என்று கணக்கு வைத்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆள். உங்கள் பாட்டியின் அம்மாவுக்கு ஏழு வயது என்கிறீர்கள். ஆக, தாய்க்குப் பன்னிரண்டு, மகளுக்கு ஆறு, மொத்தம் பதினெட்டு சதுர அடி. ஆறடிக்கு மூன்றடிப் பாய் ஒன்று வீட்டில் இருந்தால் தரையில் விரித்துப் பாருங்கள். தாய்க்கும் மகளுக்கும் சட்டம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். துணி மூட்டை, தட்டு, செம்பு எல்லாம் இருந்தால் அவையும் அதற்குள்தான். 1890களில் நீராவிக் கப்பலில் வந்திருப்பார்கள் என்பதால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் பயணம் முடிந்திருக்கும். 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனுக்கு முதலில் வந்து சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பலின் 342 பேர் ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் படுத்திருந்தார்கள். 1911-ல் ஆள் எடுப்பது நிற்கும்வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். இந்த எண்ணை நாம் விழா மேடைகளில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அவர்கள் எங்கே படுத்தார்கள், எப்படிப் படுத்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

இன்னொன்று. அந்தத் தளத்தைத் தடுத்துப் பிரித்து வைத்திருந்தார்கள். தனி ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் பின்பக்கம். கணவர் பெயர் பட்டியலில் இல்லை என்பது உண்மையானால், உங்கள் ஆட்கள் இருவரும் கப்பலின் பின்பக்கத்தில், வேறு தனிப் பெண்களுக்கு நடுவில் படுத்திருக்க வேண்டும். தனியாக வந்த பெண்களைப் பற்றி நம் குடும்பங்களில் வாயைத் திறக்கமாட்டார்கள். தயவுசெய்து நீங்களும் மறைக்காதீர்கள். ஒரு பெண் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டினாள் என்றால், அது உங்கள் நூலின் முதல் பக்கத்தில் வரவேண்டிய செய்தி.

பேரக்ஸ் வேறு. அது கரையில், தோட்டத்திலோ நகரத்திலோ வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. நம் டர்பனின் மேகசின் பேரக்ஸை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரசபை வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1960களில் இனவாரிப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆனால் பேரக்ஸில் அடுப்பு மூட்டலாம், வாசலில் விளக்கு வைக்கலாம், பிள்ளைக்குக் கல்யாணம் செய்யலாம். ட்வீன் டெக்கில் படுக்க மட்டும்தான் இடம். இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள். நூலில் 'ட்வீன் டெக்' என்றே போட்டு, 'கப்பலின் நடுத்தளம்' என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

சரி, இனி ஒரு வேலை சொல்கிறேன். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. கப்பல் பட்டியல்களை அங்கே பார்க்கலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருப்பார்கள். பட்டியலில் உங்கள் பாட்டியின் அம்மாவுக்குக் கொடுத்திருக்கும் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஊர், அதே தாலுகா என்று வேறு பெண்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்தப் பதினெட்டு சதுர அடிக்குப் பக்கத்தில் படுத்தவர்கள் அவர்களாகவே இருக்கலாம். கிடைப்பதை எனக்கும் எழுதுங்கள்.